சேதாரம்: பெங்களூரில் ஐந்து நாள்

முதல் நாள், புதன்

காட்பாடியில் ரயில் ஏறி, மதியம் மூன்று மணிக்கு பெங்களூர் கண்டோன்மென்ட்டில் இறங்கினேன். மாமா பிளாட்பாரத்திலேயே நின்றிருந்தார். அறுபத்தாறு வயது, முழங்கால் வலி, ஆனாலும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு "ஆட்டோ பிடிச்சு வா" என்று சொல்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. "இன்னா மாப்ளே, மண்டை முழுக்க வெள்ளையாயிடுச்சே" என்றபடி பையைப் பிடுங்கிக்கொண்டார்.

வந்த காரணம் மாமாவின் பேத்திக்குக் காதுகுத்து. திங்கட்கிழமைதான் முகூர்த்தம். நான் முன்னதாகவே கிளம்பியதற்குக் காரணம் வேறு. ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஒரு பொது நிலையத்தில் எனக்கு லேப் வேலை. பதினாலு வருஷமாகக் குரோமியம் அளப்பதுதான் பிழைப்பு. எங்கள் பக்கத்தில் மூடிப்போன ஒரு ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு பல வருஷம் வெட்டவெளியில் மலைபோலக் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் ஓடும். வீட்டுக் கிணற்றில் வாளியை விட்டு எடுத்தால் எலுமிச்சைச் சாறு மாதிரி வரும். அதைப் பார்த்து வளர்ந்ததால்தானோ என்னவோ, எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரின் கழிவு எங்கே போகிறது என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை.

மாமா கோலார் தங்கவயலில் மில்லில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். பாறையைப் பொடித்துத் தங்கத்தைக் கரைத்தெடுக்கும் இடத்துக்கு அங்கே மில் என்று பேர். பள்ளிக்கூட லீவுக்கு அங்கே போய், தங்கம் எடுத்தபின் மிஞ்சிய சேற்றைக் கொட்டிக் குவித்த சைனைடு மேட்டில் சறுக்கி விளையாடி அத்தையிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன். அந்த மேட்டை இப்போது போய்ப் பார்க்க வேண்டும். "லீவு போட்டுட்டுப் போயும் சாக்கடைதானா?" என்று வீட்டில் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் அல்சூர் ஏரிக்கரை வரை நடந்தோம். 1991 முதல் 2009 வரை பதினெட்டு வருஷம் திறக்கப்படாமல் சாக்குக்குள் சிலையாக நின்ற திருவள்ளுவர் இப்போது காற்று வாங்கிக்கொண்டிருக்கிறார். மாமா வீட்டுத் தெருவில் கீரைக்காரம்மா முதல் இஸ்திரிக்காரர் வரை தமிழ்தான். இரவு கம்மல் பற்றிப் பேச்சு. இரண்டு கிராமா, மூன்று கிராமா? அத்தை மூன்று என்கிறார். மாமா வாயே திறக்கவில்லை.

இரண்டாம் நாள், வியாழன்

அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, பீன்யா இண்டஸ்ட்ரி. அத்தையின் தம்பி அங்கே ஒரு பிளேட்டிங் பட்டறையில் சூப்பர்வைசர். எனக்குச் சித்தப்பா முறை. தர்மபுரியிலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகிறது.

பீன்யா பெரிய ஊர். லேத், பிரஸ், வார்ப்பு, பவுடர் கோட்டிங் என்று சந்துக்குச் சந்து சத்தம். இவர்கள் பட்டறையில் மோட்டார் சைக்கிள் உதிரிப் பாகங்களுக்கு நிக்கலும் குரோமும் ஏற்றுகிறார்கள். வரிசையாகத் தொட்டிகள். எண்ணெய் கழுவ ஒன்று, ஆசிட் ஒன்று, நிக்கல், குரோம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் அலசுகிற தண்ணீர். பளபளப்பு பாகத்தோடு போய்விடுகிறது. வம்பெல்லாம் அலசுகிற தண்ணீரில்தான். ஒவ்வொரு முக்கலுக்கும் கொஞ்சம் குரோமியம் அதில் சொட்டும்.

பின்கட்டில் சுத்திகரிப்பு. இது எனக்குப் பழக்கப்பட்ட சமையல், ஆனால் சித்தப்பா செய்துகாட்டியபோது புதுசாகப் பார்ப்பதுபோல நின்றேன். ஆரஞ்சு நிறத் தண்ணீரில் ஆசிட் விட்டுப் புளிப்பேற்றி, மெட்டாபைசல்பைட் என்கிற உப்பைப் போடுகிறார். தீக்குச்சி உரசியதுபோல ஒரு நெடி மூக்கில் ஏறுகிறது. இரண்டே நிமிஷத்தில் ஆரஞ்சு மறைந்து பச்சை. ஆறு இணைதிறன் குரோமியம் மூன்றாக இறங்கிவிட்டது. முதலாவது நீரில் கரைந்து நிலத்துக்குள் ஓடும், புற்றுநோய் தரும். இரண்டாவது அவ்வளவு துள்ளாது. அப்புறம் சுண்ணாம்பு. பச்சை சேறாகக் கீழே உட்கார, ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து எடுத்தால் புண்ணாக்குபோலக் கட்டி கட்டியாக வருகிறது. அதற்குக் கேக் என்று பேர். யார் வைத்தார்களோ.

"கேக்கை நல்லா காய வைக்கணும். கழிவுக் கிடங்குல எடைக்குத்தான் காசு. ஈரத்தோட அனுப்புனா தண்ணிக்கும் சேர்த்து அழணும்" என்றார் சித்தப்பா. அபாயக் கழிவைப் பட்டறையில் தொண்ணூறு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது 2016ஆம் ஆண்டு விதி. மூலையில் மூட்டைகள், ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டியிருந்தது. தேதிகளைக் கூர்ந்து படித்தேன். சித்தப்பா டீ சொல்லக் கிளம்பிவிட்டார்.

பட்டறைச் சுவரோரம் மூடி போட்ட ஒரு போர்வெல். அந்தத் தண்ணீரை யாரும் தொடுவதில்லை. பீன்யாவின் நிலத்தடி நீரில் குரோமியம் இருப்பது பல வருஷமாகத் தெரிந்த சங்கதி. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் வரம்பு. கையில் கிட் இருந்தால் அளந்திருப்பேன். லீவில் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாக்கடைக்கே போகிற தண்ணீரும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். இந்தப் பக்கத்துக் கால்வாய்கள் விருஷபாவதியில் கலக்கின்றன. விருஷபாவதி நுரைத்துக்கொண்டு பைரமங்கலம் ஏரிக்குப் போய், பிறகு அர்க்காவதியில் சேருகிறது. அர்க்காவதி காவிரியில். அப்புறம் எங்கே வருகிறது என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருகிற தண்ணீர் எத்தனை டிஎம்சி என்று வருஷா வருஷம் சண்டை போடுகிறோம். என்ன தண்ணீர் என்று கேட்பதுதான் குறைவு.

மூன்றாம் நாள், வெள்ளி

இன்று தங்கவயல். எழுத நிறைய இருக்கிறது.

காலையில் மாரிக்குப்பம் போகிற ரயில். எதிரே பெங்களூருக்கு வருகிற வண்டியில் ஆள் தொங்கிக்கொண்டு வருகிறார்கள், எங்கள் வண்டியில் கால் நீட்டிப் படுக்கலாம். சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்ட பிறகு தங்கவயலின் பிழைப்பே இந்தத் தண்டவாளம்தான். மாமாவும் ஆறு வருஷம் இதில் போய்வந்தார், செக்யூரிட்டி வேலைக்கு. "நாலு மணிக்கு எழுந்து, ராத்திரி பத்துக்கு வந்து... புள்ளைங்க முகத்தை ஞாயித்துக்கிழமைதான் பார்ப்பேன்." அப்புறம்தான் அல்சூருக்குக் குடிவந்தார்கள்.

பங்காருப்பேட்டையில் கிளைப்பாதை பிரிகிறது. கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். ஊர்காமுக்கு முன்பே மாமா ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். "அதோ" என்றார்.

மேடு என்கிறோம், பார்த்தால் மலைதான். சாம்பலும் வெளிர்மஞ்சளும் கலந்த நிறம். மேலே தட்டையாக, மேசைபோல. பக்கவாட்டில் மழை அரித்த ஓடைகள், கிழவியின் கைச் சுருக்கம் மாதிரி நெருக்கமாக. அடிவாரத்தில் ஒன்றிரண்டு யூகலிப்டஸ் தவிர மேலே ஒரு புல் கிடையாது. சினிமாக்காரர்கள் ஏன் இங்கே ஓடி ஓடி வருகிறார்கள் என்று பார்த்தவுடன் புரியும். உண்மையில் இது பாலைவனமும் இல்லை, மலையும் இல்லை. அரைத்துப்போட்ட பாறை.

ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் வந்தது. அப்புறம் ஏறத்தாழ நூற்றிருபது வருஷம், மொத்தம் சுமார் 800 டன் தங்கம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று, அங்கே பாறையின் சூடு அறுபது டிகிரிக்கு மேல். கீழே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர் பக்கத்துச் சனம், அதிலும் ஊரில் நிலமில்லாதவர்கள். என் அம்மாவின் தாத்தா அப்படிப் போனவர்தான். 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து இந்தச் சுரங்கத்துக்குக் கரண்ட் வந்தது. பெங்களூரின் தெருவிளக்கு எரிந்தது 1905இல்தான். மாமா இதை வாரத்துக்கு ஒரு முறையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார்.

மில்லில் என்ன நடந்தது என்று நடந்துகொண்டே சொன்னார். மேலே வந்த கல்லை மாவாக இடிப்பார்கள். ஆரம்ப காலத்தில் பாதரசம் பூசிய தகட்டில் ஓடவிட்டுத் தங்கத்தைப் பிடித்தார்கள். சைனைடு முறை வந்த பிறகு, நுண்ணிய மாவைச் சைனைடு கரைசலில் ஊறவைத்தார்கள். கலவையில் சுண்ணாம்பு குறையக் கூடாது. குறைந்து புளிப்பேறினால் விஷவாயு கிளம்பும். தங்கம் கரைசலில் இறங்கும், துத்தநாகத்தைப் போட்டால் கறுப்புப் பொடியாக வெளியே வரும். அதை உருக்கினால் கட்டி. மீதி?

"மீதிதான் மாப்ளே எல்லாமே. தங்கம் எங்க கண்ணுல எப்பவாவது படும். தினம் பார்த்தது சேறுதான்."

பெயர் சைனைடு மேடு என்றாலும், இப்போது அங்கே சைனைடை நினைத்துப் பயப்படுவதைவிட வேறு இரண்டுக்குப் பயப்பட வேண்டும். சைனைடு வெயிலிலும் காற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துவிடும். சிதையாதது பாறைத்தூளும் அதிலுள்ள உலோகங்களும்தான். மாவாக அரைத்த சிலிக்கா. ஆடிக் காற்றில் அது எழும்பினால் மாரிக்குப்பத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் சோற்றுத் தட்டு வரை வந்துவிடும். நாங்கள் போனபோது காற்று சும்மாதான் இருந்தது. அப்படியும் திரும்பி வந்து முகம் கழுவினால் தண்ணீர் சாம்பல்.

மாமாவோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்குப் போனோம். அண்டர்கிரவுண்டில் டிரில் பிடித்தவர். பத்தடிக்குப் பத்தடி லைன் வீடு, வாசலில் செம்பருத்தி. பேசுகிறபோது இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினார். நுரையீரலில் தூசி. அந்த மனிதருக்கும் அவர் தலைக்கு மேலே நிற்கும் மேட்டுக்கும் ஒரே வியாதி: உள்ளே போனது வெளியே வராது.

"திரும்பவும் தோண்டப் போறாங்களாமே" என்றார். அதுதான் ஊரில் பேச்சு. பதின்மூன்று மேடுகள், ஆயிரம் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், 3 கோடியே 30 லட்சம் டன். அந்தக் காலத்துக்காரர்கள் விட்ட தங்கம் இதில் டன்னுக்குச் சுமார் ஒரு கிராம் கிடைக்கலாம் என்கிறார்கள். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இதற்கு ஒப்புதல் கொடுத்தது. வேலை வரும் என்று இளவட்டங்கள் எதிர்பார்க்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் லேப்காரனாக எனக்கு ஒரு கேள்வி. டன்னில் ஒரு கிராமை எடுத்த பிறகு ஒரு டன் அப்படியே இருக்கும், இன்னும் சன்னமாக அரைக்கப்பட்டு. அதை எங்கே வைப்பார்கள்? அடியில் களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு, தண்ணீரைப் பிழிந்து, அடுக்கடுக்காக இறுக்கி, மேலே மண் மூடி, புல் முளைக்கவைத்தால் இந்த ஊருக்கு நூறு வருஷத்தில் கிடைக்காத நன்மை கிடைக்கும். பழையபடி பக்கத்திலேயே இன்னொரு மேடு என்றால், மேட்டை இடம் மாற்றிய கூலிதான் மிச்சம். டெண்டரில் தங்கத்தின் பக்கத்தை எல்லோரும் படிப்பார்கள். நான் சேற்றின் பக்கத்தை முதலில் புரட்டுவேன்.

ஒன்று மட்டும் ஆறுதல். இது காய்ந்த மேடு. சேற்றைக் குளமாகத் தேக்கிவைக்கிற அணைகள் வேறு ரகம். 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாஜின்யோவில் அப்படி ஒரு அணை உடைந்து 270 பேர் போனார்கள். தங்கவயல் மேடு அப்படிப் பாயாது. பறக்கும், அவ்வளவுதான்.

திரும்பும்போது ஆட்டோக்காரர் இன்னொன்று சொன்னார். 2018 முதல் பெங்களூரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு, குழாய் வழியாகக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு வருகிறது. வறண்டு கிடந்த ஏரிகள் நிரம்பியிருக்கின்றன, போர்வெல்லில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று விவசாயிகளுக்குச் சந்தோஷம். இன்னும் ஒரு கட்டம் சுத்தம் செய்து அனுப்பக் கூடாதா என்று கேட்கிறவர்களும் உண்டு, நான் அந்தக் கட்சி. "நம்ம ஆளுங்க காலைல ரயில்ல பெங்களூர் போறாங்க, அவங்க கக்கூஸ் தண்ணி சாயங்காலம் நம்மூருக்கு வருது" என்று சிரித்தார் ஆட்டோக்காரர்.

படுக்கும் முன் ஒரு கணக்கு. 800 டன் தங்கத்துக்கு 3.3 கோடி டன் சேறு என்றால், ஒரு பவுனுக்கு 33 கிலோ.

நான்காம் நாள், சனி

முதலில் திருத்தம். நேற்றைய கணக்கில் ஒரு சைபரை விழுங்கிவிட்டேன். காலையில் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் படித்தார். "இன்னாடா இது, முப்பத்திமூணு கிலோ? ஒரு மூட்டை அரிசிகூடத் தேறாதே?" என்று காலண்டர் தாளின் பின்பக்கம் பெருக்கிக் காட்டினார். கிராமுக்கு 41 கிலோ. பவுனுக்கு 330 கிலோ. அதுவும் இப்போது நிற்கிற மேடுகளை மட்டும் வைத்து. பதினாலு வருஷம் லேபில் இருந்தவன், மில் தொழிலாளியிடம் தசமப் புள்ளி கற்றுக்கொண்டேன்.

இன்று தும்கூர் ரோட்டில் தாபஸ்பேட்டை. பீன்யா கேக் கடைசியாகப் போய்ப் படுக்கிற அபாயக் கழிவுக் கிடங்கு அந்தப் பக்கம்தான். முன் அனுமதி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தும் போனேன். விடவில்லை. சரி, கேட்டுக்கு வெளியே டீக்கடை இருந்தது.

அங்கே கிருஷ்ணகிரிக்கார லாரி டிரைவர் ஒருவர் சிக்கினார். கழிவு ஏற்றி வருகிறவர். அபாயக் கழிவு லாரியோடு கூடவே போகிற பத்தாம் எண் படிவத்தைப் பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டும். ஏழு நகல், ஏழு நிறம்: வெள்ளை, மஞ்சள், ரோஸ், ஆரஞ்சு, பச்சை, நீலம், சாம்பல். அனுப்புகிறவருக்கு ஒன்று, ஏற்றுகிறவருக்கு ஒன்று, இறக்குகிறவருக்கு ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இரண்டு, வாங்கிக்கொண்டதற்குச் சாட்சியாகத் திரும்பிப் போவது ஒன்று, வேறு மாநிலத்துச் சரக்கென்றால் அந்த வாரியத்துக்கு ஒன்று. "சரக்கு காணாமப் போனாக்கூட சமாளிச்சுடலாம் சார், நீலத்தாள் காணாமப் போனா தீர்ந்தோம்" என்றார்.

உள்ளே நடப்பது எனக்குத் தொழில்முறையில் தெரியும். கேக்கோடு சிமெண்டோ சுண்ணாம்போ பிசைந்து கட்டியாக்குவார்கள், உலோகம் கசியாமலிருக்க. குழியின் அடியில் இறுக்கிய களிமண், அதன்மேல் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு, கசிவுநீரை உறிஞ்சக் குழாய்கள், மறுபடியும் விரிப்பு. நிரம்பியதும் மேலே மூடி போட்டு, வருஷக்கணக்காகச் சுற்றிலுமுள்ள கிணறுகளைச் சோதிக்க வேண்டும். ஒரு பிணத்தைப் புதைக்க நாம் இவ்வளவு மெனக்கெடுவதில்லை.

இந்தியாவில் அபாயக் கழிவுக்கு முதல் விதி வந்தது 1989இல். தங்கவயலில் சேறு கொட்ட ஆரம்பித்துச் சுமார் நூறு வருஷம் கழித்து. ஏழு நிறத்தில் எந்தத் தாளும் அந்த மேடுகளுக்குக் கிடையாது. டிரைவரிடம் இதைச் சொன்னேன். டீ கிளாஸை வைத்துவிட்டு, "அப்போ யாரு கையெழுத்துப் போட்டது?" என்று கேட்டார்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

கம்மல் வாங்கப் போனோம். மாமா, அத்தை, நான், காது குத்திக்கொள்ளப்போகிற பேத்தி. கடை பெயர் வேண்டாம். ஏசி, பன்னீர் வாசனை, குழந்தைக்கு லாலிபாப்.

அத்தை இரண்டரை கிராமில் பூப்போட்ட ஒரு ஜோடியைப் பிடித்துவிட்டார். கடைப்பையன் கால்குலேட்டரைத் தட்டினான். தங்கம் இவ்வளவு, செய்கூலி இவ்வளவு, சேதாரம் பதினாலு சதவீதம். மாமா அதுவரை கண்ணாடிப் பெட்டியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேதாரம் என்றதும் நிமிர்ந்தார்.

"சேதாரம்னா இன்னாப்பா?"

"நகை செய்யும்போது அராவுறதுல, உருக்குறதுல கொஞ்சம் தங்கம் வீணாகும் சார். அதுக்குத்தான்."

"வீணான தங்கம் எங்க போகுது?"

பையன் முழித்தான். நகரத்பேட்டையில் பட்டறைத் தரையைப் பெருக்கிய தூசியைக்கூட மூட்டையாக விலைபேசி வாங்கிப்போய், எரித்து, கழுவி, தங்கம் எடுக்கிறவர்கள் உண்டு. கைகழுவிய தண்ணீரையும் கொட்டமாட்டார்கள். மாமாவுக்கு அது தெரியும். பையனுக்கும் தெரிந்திருக்கும்.

"நான் மில்லுல இருபத்திரண்டு வருஷம் இருந்தவன். சேதாரம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். இந்தக் கம்மலுக்கு நூறு கிலோ. அது இன்னும் அங்கேதான் கீது, எவனும் பில்லு போடல. நீ இன்னாடா அரை கிராம்கூட இல்லாததுக்குப் பில்லு போடுற?"

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. மேனேஜர் வந்தார். அத்தை மாமாவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். குழந்தை லாலிபாப்பைக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டிருந்தது. பேசிப்பேசி ஒன்பது சதவீதத்துக்கு இறங்கினார்கள். மாமா பணத்தை எண்ணிக் கொடுத்தார், மீதிச் சில்லறையையும் எண்ணி வாங்கினார்.

வெளியே வந்ததும் அத்தை, "அஞ்சு பெர்சன்ட் குறைச்சுட்டாரே மனுஷன்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். மாமா ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

நாளை காலை ஏழரைக்குக் காதுகுத்து. நாளை எழுத முடியாது.